அம்பத்தூர் சந்துப் பட்டறை: இரண்டரை ஆண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

2015-இல் வாங்கிய நாளிலிருந்து எட்டாண்டுகள் வரை என் காரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் நான் விட்டதில்லை. 2023 பிப்ரவரியில் முதல்முறையாக அம்பத்தூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் தனியார் பட்டறைக்குக் கொண்டுபோனேன்; அதன்பிறகு இன்றுவரை அங்கேதான் போகிறது. இடைப்பட்ட காலத்தில் அங்கு நான் கண்ட நிறைகளையும் குறைகளையும், கையிலிருக்கும் பில்களை வைத்துக்கொண்டே இங்கு எழுதுகிறேன். பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதை நடத்துபவர் கேட்டுக்கொண்டார். இருக்கிற வண்டிகளையே சொன்ன நாளில் கொடுக்க முடியவில்லை என்பது அவருடைய காரணம். காரின் பெயரையும் சர்வீஸ் சென்டரின் பெயரையும் நானாகவே தவிர்க்கிறேன். நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி எழ மின்சாரம் தரும் பாகம்) என்பது மட்டும் இங்கு தெரிந்தால் போதும்.

அந்தப் பிப்ரவரியில் பாடி மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நின்றபோது வண்டி உதறத் தொடங்கியது. எஞ்சின் விளக்கு முதலில் நிலையாக எரிந்தது. வேகம் எடுத்தபோது விட்டுவிட்டுச் சிமிட்டியது. இந்த விளக்கு சிமிட்டினால் அலட்சியம் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய் அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அந்த ஒரு பாகத்தின் விலையில் பல ஆண்டு சர்வீஸ் செலவு அடங்கிவிடும். மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் வழக்கமான சர்வீஸ் சென்டரில் விட்டேன். மறுநாள் எஸ்டிமேட் வந்தது: நான்கு காயில்கள், நான்கு ஸ்பார்க் பிளக்குகள், திராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் கணினி ரீசெட், மொத்தம் 21,400 ரூபாய். எந்தக் காயில் கெட்டிருக்கிறது என்று கேட்டதற்கு, செட்டாக மாற்றுவதே நல்லது என்ற பதில்தான் கிடைத்தது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே இருந்த தூரம் எனக்குப் பிடிக்கவில்லை. சோதனைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டேன்.

மாடி வீட்டுக்காரர் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர், எஞ்சின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். பி 0303 என்று வந்தது. இந்தக் குறியீட்டில் கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்பது இதன் பொருள். ஏன் பற்றவில்லை என்பதைக் குறியீடு சொல்லாது. காயில், பிளக், இன்ஜெக்டர், வயரிங், வால்வு என எதில் கோளாறு இருந்தாலும் இதே எண்தான் வரும். அவர் என்னை அருகில் அழைத்து, “மாத்திப் போட்டுப் பார்ப்போம் சார், தப்பு கூடவே நகர்ந்தா காயில்தான்” என்றார். மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் பொருத்தினார், முதலாவதில் இருந்ததை மூன்றாவதில் பொருத்தினார், பழைய குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டார். சில நிமிடங்களில் பி 0301 வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து முதல் சிலிண்டருக்கு இடம் மாறியிருந்தது. இதற்கு ஒரு பத்து எம்.எம். ஸ்பானரும் கால்மணி நேரமும்தான் ஆயின. அன்று ஒரு காயிலும் நான்கு பிளக்குகளும் மாற்றினோம். பிளக்குகள் எப்படியும் கையேட்டில் குறித்த தூரத்தைத் தாண்டியிருந்தன. கூலியோடு சேர்த்து 4,650 ரூபாய்.

இதை மட்டும் எழுதி நிறுத்தினால் சர்வீஸ் சென்டருக்கு அநீதி செய்தவனாவேன். பதினான்கு மாதங்கள் கழித்து இரண்டாவது சிலிண்டரின் காயிலும் போனது. திருவள்ளூர் சாலையில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தபோது அதே உதறல், அதே விளக்கு. ஒரே வயதுள்ள நான்கு பாகங்களில் ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்ற அவர்களுடைய கணக்கில் உண்மை இருந்தது. ஆயினும் இரண்டு காயில்களுக்குமாக நான் இதுவரை செலவழித்தது அந்த எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்ற இரண்டு காயில்கள் இன்றும் ஓடுகின்றன. வெளியூர்ப் பயணம் அதிகமுள்ளவர்கள் நான்கையும் ஒருசேர மாற்றிக்கொள்வதில் தவறில்லை. என் குறை, அப்படி ஒரு தேர்வு இருக்கிறது என்பதையே எனக்குச் சொல்லாமல் விட்டதில்தான்.

பட்டறை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். தகரக் கூரை, இரண்டு வண்டிகளைத் தூக்கும் இரண்டு லிஃப்ட், வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கும் நான்கைந்து வண்டிகள், அவ்வளவுதான். உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. குளிரூட்டிய அறையும் காபி இயந்திரமும் இல்லை. நடத்துபவர் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த நல்ல பழக்கம் ஜாப் கார்டு. வண்டியை விடும்போது நாம் சொல்வதை நம் சொற்களிலேயே எழுதிக்கொள்கிறார், கிலோமீட்டரையும் பெட்ரோல் அளவையும் குறித்துக்கொள்கிறார், அதன் நகலைக் கையில் கொடுக்கிறார். அதில் எழுதாத எந்த வேலையையும் தொலைபேசியில் கேட்காமல் செய்வதில்லை. வீல் நட்டுகளை, குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குவதையும் அங்குதான் என் கண்ணால் பார்த்தேன். சிறு பட்டறைகளில் இது அரிது. ஏர் கன்னால் கண்டபடி இறுக்கிவிட்டால் நடுச்சாலையில் பஞ்சர் ஆகும்போது நம் கையால் நட்டைக் கழற்ற முடியாமல் போவது பலருக்கு நேர்ந்திருக்கும்.

ஆண்டு சர்வீஸைப் பொறுத்தவரை என் காருக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் எந்தத் தூரத்தில் எதை மாற்ற வேண்டும், எதைச் சோதித்தால் போதும் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. எட்டாண்டுகளாக அதை நான் திறந்ததே இல்லை. இவர்தான் டாஷ்போர்டிலிருந்து அதை எடுத்து, அந்த ஆண்டுக்குரிய கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் நட்டின் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் நட்டு) வாசர் ஆகியவை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியவை. பிரேக், பெல்ட், கூலன்ட், சஸ்பென்ஷன் ஆகியவை சோதிக்க வேண்டியவை. நான் முன்பு கட்டிய பில்களை எடுத்து அந்த அட்டவணையோடு ஒப்பிட்டபோது சற்று வெட்கமாகத்தான் இருந்தது. எஞ்சின் ஃப்ளஷ், எஞ்சின் டிரெசிங், ஏசி கிருமிநீக்கம், பெட்ரோலில் ஊற்றும் திரவம், உட்புறப் பூச்சு என ஆண்டுதோறும் நான் பணம் கட்டிய எவையும் என் காரின் அட்டவணையில் இல்லை. இவற்றில் சில தீங்கற்றவை, ஒன்றிரண்டு பயனுள்ளவையாகவும் இருக்கலாம். ஆனால் வண்டியைத் தயாரித்தவர்கள் கேட்காத ஒன்றை விற்கும்போது அது விற்பனை என்று தெரியும்படி விற்க வேண்டும்.

ஏசி ஃபில்டருக்கு இவர் கூலி வாங்குவதில்லை. கிளவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தி இறக்கி, பின்னாலிருக்கும் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவுவது எப்படி என்று ஒருமுறை காட்டினார். இப்போது என் மகள் அதை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுகிறாள்.

பிரேக் விஷயத்தில் நான் மிகவும் மதிப்பது, இவர் கண்ணளவில் எதையும் சொல்வதில்லை என்பது. 2023 சர்வீஸுக்குச் சில மாதங்கள் முன்பு, முன்பக்க பிரேக் பேடுகள் பாதி தேய்ந்துவிட்டன, மாற்றிவிடலாம் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லியிருந்தார்கள். இவர் சக்கரத்தைக் கழற்றி அளந்து ஆறு மில்லிமீட்டர் இருப்பதைக் காட்டி, மூன்றுக்கு வரும்போது மாற்றலாம் என்றார். அடுத்த ஆண்டு சர்வீஸில்தான் மாற்றினோம். அதே சமயம், நான் கேட்காமலே பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னதும் இவர்தான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. சென்னை போன்ற கடற்கரை ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி; நான்கு விழுக்காட்டை ஒட்டி நீர் கலந்துவிட்ட நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஏற்காடு, ஏலகிரி போன்ற மலைப்பாதைகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது சூடு ஏறி உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டானால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. என் பழைய பில்கள் எட்டாண்டுகளில் அதை ஒரே ஒருமுறைதான் காட்டின. கேட்காத பூச்சுகளையெல்லாம் பூசிவிட்டு உயிர் காக்கும் ஆயிலை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்பது எனக்குக் கோபத்தைவிட வியப்பையே தந்தது.

உதிரிபாகங்களை அவரே வாங்கித் தருவார். நாமே வாங்கிக் கொடுத்தாலும் முகம் சுளிப்பதில்லை. இரண்டாவது காயிலுக்கு நானே ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து பிரியும் அந்தத் தெருவில் ஒரே பாகத்துக்கு மூன்று விலை சொல்வார்கள்: கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது, அதே பாகத்தை அந்நிறுவனத்துக்குத் தயாரித்துக் கொடுப்பவர் தன் சொந்தப் பெயரில் விற்பது, மூன்றாவதாக லோக்கல். இரண்டாவது வகைதான் விவரமறிந்தவர்கள் தேடுவது. பொருள் ஒன்றே, பெட்டிதான் வேறு. ஆனால் போலிகளும் அங்கேதான் புழங்குகின்றன. கடைக்காரரிடம் காரின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் பழைய பாகத்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லிக் கேட்குமாறு பட்டறைக்காரர் எனக்குச் சொல்லியனுப்பினார். பழைய காயிலைக் கையோடு கொண்டுபோய் அச்செழுத்தையும் சொருகும் முனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பில்லில் பாக எண்ணை எழுதி வாங்கிக்கொண்டேன். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய காயில் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்றும் ஒருவர் சொன்னார். கதவு, கண்ணாடி, பம்பர் என்றால் சரி. கெட்டுப்போகும் ஆயுளுள்ள மின்பாகத்தை அப்படி வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை.

கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுகிறார். இது சிறிய விஷயம்போல் தோன்றும். மாற்றியதாகப் பில்லில் எழுதியது உண்மையிலேயே மாற்றப்பட்டதா என்று அறிய வாடிக்கையாளருக்கு இருக்கும் எளிய வழி இதுதான். பில் கணினியில் வருகிறது, பாகத்தின் விலை தனி, கூலி தனி, ஜிஎஸ்டி தனி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் வரி 18 விழுக்காடு என்று ஆனபின், முன்பு 28 கட்டிக்கொண்டிருந்த பாகங்களின் விலை அக்டோபர் மாத பில்லில் குறைந்திருந்ததை நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். கேட்காமலே குறைத்துப் போட்டிருந்தார்.

வெளியே சர்வீஸ் விட்டால் வாரண்டி போய்விடும் என்ற அச்சத்தால்தான் பலர் தயங்குகிறார்கள். என் கார் வாரண்டிக் காலத்தைத் தாண்டியது, ஆகவே எனக்கு அந்தச் சிக்கல் எழவில்லை. இருப்பினும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவு இங்கு நினைவுகூரத் தக்கது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக அந்நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையம், வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக்கூடாது, தவறான பழுதுவேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் சொன்னது. பிறகு மேல்முறையீடுகள் பல தொடர்ந்தன. நடைமுறையில் கவுன்டரில் நின்று இதையெல்லாம் வாதாட யாருக்கும் பொழுதில்லை என்பதால், வாரண்டி உள்ள வண்டியை வைத்திருப்பவர்களுக்கு நான் இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்க மாட்டேன். அதுவரை கம்பெனியிலேயே விட்டு, கையேட்டு அட்டவணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எஸ்டிமேட்டைப் படியுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கொரட்டூரில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் ஏறி நின்றது. வடிந்ததும் வண்டியை எடுத்துப் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தில் சாவியோடு கீழே இறங்கியவன், நல்ல வேளையாக முதலில் இவரை அழைத்தேன். “ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க சார், பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டி வைங்க, நான் வர்றேன்” என்றார். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது எஞ்சினைச் சுற்றவிட்டால், காற்று அமுங்குவதுபோல் அமுங்காத தண்ணீர் பிஸ்டனைத் தடுத்து கனெக்டிங் ராடை வளைத்துவிடும். மூன்றாம் நாள் இரு சக்கர வண்டியில் வந்தார். ஏர் ஃபில்டரைத் திறந்து உலர்ந்திருப்பதைப் பார்த்தார், எஞ்சின் ஆயிலையும் கியர் ஆயிலையும் எடுத்துப் பால்நிறம் கலந்திருக்கிறதா என்று பார்த்தார், பிறகே ஸ்டார்ட் செய்தார். பின்பக்க பிரேக் டிரம்களைக் கழற்றிச் சேற்றைத் துடைத்தார். 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த வாரம் சென்னையில் மெக்கானிக்குகள் எவ்வளவு கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும்.

இனி குறைகள். 2024 சர்வீஸுக்குப் பிறகு மூன்றாம் நாள் வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு சொட்டு ஆயில் கிடந்தது. டிரெயின் நட்டுக்குக் கீழே போடும் அலுமினிய வாசர் முடுக்கும்போது நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். இதை எனக்கே அட்டவணையில் காட்டியவரின் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி பழையதையே போட்டுவிட்டிருந்தார், பில்லில் புது வாசர் ஏறியிருந்தது. தொகை இருபது ரூபாய்கூட இல்லை. அவர் மழுப்பாமல் ஒப்புக்கொண்டு அன்றே சரிசெய்து ஆயில் அளவையும் நிரப்பிக் கொடுத்தார் என்பது உண்மை. முடித்த வேலையை அவர் மறுபார்வை பார்ப்பதில்லை என்பதும் உண்மை. அதன்பின் வண்டியை எடுக்கும்போது நானே குனிந்து கீழே பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

வீல் அலைன்மென்ட் இயந்திரம் இங்கு இல்லை, பக்கத்து டயர் கடைக்கு அனுப்புகிறார். ஏர்பேக், ஸ்டியரிங் மோட்டார் சம்பந்தப்பட்ட கோளாறுகளைத் தொடமாட்டேன், கம்பெனிக்கே போங்கள் என்று சொல்லிவிடுகிறார். இதைக் குறையாக எண்ணாமல் நேர்மையாகவே கொள்கிறேன். விபத்துக்குக் காப்பீட்டில் பணமில்லாப் பழுதுவேலை வேண்டுமென்றால் இது அதற்கான இடமன்று; காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இந்தப் பட்டறை இல்லை, நாம் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டுப் பெற வேண்டும். கம்பெனி சர்வீஸ் பதிவேட்டைக் கேட்டு விலை பேசுபவர்களிடம் காரை விற்கும் எண்ணமிருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நேரம். புதன்கிழமை தருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை என்று நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். வண்டியை வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் வசதி இல்லை. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் போகவே கூடாது. வாட்டர் வாஷுக்கும் பாலிஷுக்கும் சந்தின் முனைவரை வண்டிகள் நிற்கும், எஞ்சின் வேலையைக் கவனிக்க ஆளிருக்காது.

அதனால்தான் 2025-இல் பூஜை முடிந்த மறுவாரம் சர்வீஸுக்கு விட்டேன். 88,000 கிலோமீட்டர். 5டபிள்யூ-30 எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலி, வரி எல்லாம் சேர்ந்து 6,350 ரூபாய் ஆனது. புது வாசரை மாட்டும் முன் என் கையில் கொடுத்துக் காட்டினார். முந்தைய ஆண்டுச் சம்பவத்தை அவரும் மறக்கவில்லை. லிஃப்டில் தூக்கியபோது முன்பக்கச் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் லேசான வெடிப்பைக் காட்டி, இப்போது மாற்ற வேண்டாம், வேகத்தடையில் சத்தம் வர ஆரம்பித்தால் வாருங்கள் என்று சொல்லி, அதை ஜாப் கார்டின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதுவரை சத்தம் வரவில்லை.